பாலைவனத்துப் பிள்ளை கட்டிய வகுப்பறை

இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று புதிய இடத்தில் கால் ஊன்றும்போது முதலில் மூன்று விடயங்களை விசாரிக்கின்றது. கிணறு எங்கே? தலைசாய்க்க இடம் எங்கே? பிள்ளைக்குப் பாடசாலை எங்கே? முதல் இரண்டும் எப்படியோ ஒப்பேறிவிடும். மூன்றாவதில்தான் பல குடும்பங்கள் களைத்துப் போகின்றன. ஒரு போகம் தவறினால் அடுத்த போகம் விதைக்கலாம். தரம் நான்கில் ஒரு வருடத்தைத் தவறவிட்ட பிள்ளைக்கு அந்த வருடத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

இந்தக் கவலை இருப்பதனால்தான், "இணையத்தில் வகுப்பு நடத்தப் போகிறோம்" என்று யாராவது வந்து சொல்லும்போது பெற்றோர் ஆவலோடு கேட்கின்றனர். சிலர் நம்புகின்றனர். சிலர், "இதுவும் ஒரு திட்டம், காசு முடியும்வரை நடக்கும்" என்று ஒதுங்குகின்றனர். இரு பக்கத்திலும் நியாயம் உண்டு. ஆகவே வகுப்பறை இணையத்தளம் என்றால் என்ன, அதனை யார் எதற்காகக் கட்டினார்கள், அதனால் எது முடியும், எது முடியாது என்பதை ஓர் உண்மை வரலாற்றைக் கொண்டு இங்கு நோக்குவோம். அவுஸ்திரேலியாவில் பட்டப்பின்படிப்பு மாணவர் ஒருவர் தமது ஆய்வு வேலையாகக் கட்டிய வகுப்பறையின் வரலாறு அது.

வானொலியில் ஒரு பாடசாலை

அவுஸ்திரேலியாவின் நடுப்பகுதி பெரும் வறண்ட நிலம். ஒரு மாட்டுப் பண்ணைக்கும் அடுத்த பண்ணைக்கும் இடையில் நூறு கிலோமீற்றருக்கு மேல் இருப்பதும் உண்டு. அங்கே நோயாளியிடம் மருத்துவர் போவதே பெரும்பாடு. போதகர் ஜோன் பிளின் என்பவரின் முயற்சியால் 1928இல் அங்கு விமானத்தில் பறந்து சென்று வைத்தியம் செய்யும் சேவை தொடங்கியது. ஆனால் மருத்துவரை எப்படி அழைப்பது? தந்தி இல்லை, மின்சாரம் இல்லை. அல்பிரட் ட்ரேகர் என்ற பொறியியலாளர் காலால் மிதித்து மின்சாரம் எடுக்கும் வானொலிக் கருவியொன்றைச் செய்தார். 1929இல் அது பண்ணை வீடுகளுக்குப் போகத் தொடங்கியது. தையல் மெசினை மிதிப்பதுபோல் மிதித்துக்கொண்டே செய்தி அனுப்பலாம். 1990களில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் றேடியோ கேட்டவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

மருத்துவத்துக்காக வந்த அந்த வானொலியை வேறொருவர் வேறு கண்ணோடு பார்த்தார். அடிலெய்ட் மீத்கி என்ற கல்வியாளர் அவர். பண்ணைப் பிள்ளைகள் கூச்சமின்றி வானொலியில் பேசுவதை 1940களில் அவர் கவனித்தார். பேசப் பழகிய பிள்ளைக்கு இதே கருவியால் பாடமும் சொல்லலாம் அல்லவா? அந்த எண்ணத்தில் இருந்து 1951இல் அலிஸ் ஸ்பிறிங்ஸ் நகரில் வான்வழிப் பாடசாலை திறக்கப்பட்டது. ஆசிரியர் நகரில் இருந்து பேசுவார். நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் பிள்ளைகள் தத்தம் வீட்டிலிருந்து பதில் சொல்வார்கள். பின்னர் மற்றப் பிரதேசங்களிலும் இத்தகைய பாடசாலைகள் எழுந்தன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வானொலியில் ஆசிரியரின் குரல் ஒரு நாளில் சிறிது நேரமே கேட்கும். மீதி நேரம் முழுவதும் தபாலிலோ விமானத்திலோ வந்த பாடப் பொதியை வைத்துக்கொண்டு, தாயோ மூத்த சகோதரமோ கூலிக்கு அமர்த்திய ஓர் உதவியாளரோ பிள்ளையின் பக்கத்தில் இருந்து படிப்பிக்க வேண்டும். ஆசிரியர்களும் பிள்ளைகளின் வீடுகளுக்குப் பயணம் செய்து பார்த்து வந்தனர். பிள்ளைகள் எல்லோரும் நேரில் கூடும் வாரங்களும் வருடத்தில் உண்டு. கருவி தூரத்தைக் குறைத்தது. பிள்ளையோடு கூட இருந்து கற்பித்தவர்கள் மனிதர்களே.

வாடகைக்கு எடுத்த வகுப்பறை

மேற்கு அவுஸ்திரேலியப் பாலைவனத்தின் ஒதுக்குப்புறக் குடியிருப்பு ஒன்றில் இவ்வாறு வானொலியில் படித்து வளர்ந்த ஒரு பிள்ளை மார்ட்டின் டூகியாமஸ். வளர்ந்தபின் அவர் கணனி விஞ்ஞானம் கற்றார். 1990களில் பேர்த் நகரின் கேர்ட்டின் பல்கலைக்கழகத்தில் இணையத்தளப் பொறுப்பாளராக வேலை செய்தார்.

அந்தக் காலத்தில் பல பல்கலைக்கழகங்கள் இணையத்தில் பாடம் நடத்த "வெப் சீ.ரீ." என்ற மென்பொருளைப் பயன்படுத்தின. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கணனி விஞ்ஞானம் கற்பித்த மறே கோல்ட்பேர்க் என்பவர் 1990களின் நடுப்பகுதியில் அதனை உருவாக்கினார். இணையப் பக்கம் எழுதத் தெரியாத ஆசிரியரும் ஒரு பாடத்தை இணையத்தில் வைக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் விரைவில் அது வியாபாரப் பொருளாயிற்று. பயன்படுத்தும் நிறுவனம் உரிமக் கட்டணம் கட்ட வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கின்றது என்று பார்க்கவோ, தன் தேவைக்கு ஏற்பத் திருத்தவோ முடியாது. 2006இல் அந்த நிறுவனத்தைப் போட்டி நிறுவனமான பிளாக்போட் வாங்கியது. அதன்பின் வெப் சீ.ரீ. என்ற பெயரே படிப்படியாக மறைந்தது. அதில் பாடங்களைக் கட்டியிருந்த ஆசிரியர்கள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

குத்தகைக் காணியில் தென்னை நட்டவருக்கு இது புரியும். உழைப்பு நம்முடையது, நிலம் வேறொருவருடையது. அவர் விற்றால் நாம் எழும்ப வேண்டும்.

கேர்ட்டினில் இந்த வெப் சீ.ரீ.யைப் பராமரித்தவர் டூகியாமஸ். ஆகவே அதன் குறைகளை அவர் அன்றாடம் கண்டார். சிறு பாடசாலைகளிலும் சிறு நிறுவனங்களிலும் இருந்த பலர் இணையத்தைக் கற்பித்தலுக்குப் பயன்படுத்த விரும்பியும், பணமின்மையால் முடியாதிருப்பதையும் அவர் அறிந்திருந்தார்.

ஆய்வு வேலையாக ஒரு கட்டடம்

கணனி மட்டும் தெரிந்தவர் நல்ல வகுப்பறை கட்டமுடியாது என்பதை உணர்ந்தோ என்னவோ, அவர் கல்வியியலில் பட்டப்பின்படிப்பில் சேர்ந்தார். திறந்த மூல மென்பொருளைக் கொண்டு, ஒருவரோடு ஒருவர் சேர்ந்து கற்கும் முறையை இணையத்தில் எவ்வாறு வளர்க்கலாம் என்பது அவர் ஆய்வின் பொருள். ஏட்டில் எழுதுவதோடு நில்லாமல் அந்த வகுப்பறையைக் கட்டியும் பார்த்தார். முதலில் சில மாதிரிகளைச் செய்தார். திருப்தி இல்லாமல் அவற்றைக் கைவிட்டார். இறுதியாக 2002ஆம் ஆண்டு ஓகஸ்ட் 20ஆம் திகதி முதலாவது முழுப் பதிப்பு வெளிவந்தது. அதற்கு அவர் இட்ட பெயர் "மூடில்".

அவர் எந்தக் கொள்கையில் நின்று கட்டினார் என்பது முக்கியம். கற்றல் என்பது குடத்தில் நீர் நிரப்புவது போன்றதன்று. கற்பவர் தாமே தம் அனுபவத்திலிருந்து அறிவைக் கட்டிக்கொள்கிறார். இது பியாஜே முதலிய அறிஞர்கள் வளர்த்த கருத்து. பிறர் பார்ப்பதற்காக ஒன்றைச் செய்யும்போது நாம் இன்னும் நன்றாகக் கற்கிறோம் என்று அதனை விரித்தவர் சீமோர் பேப்பேட். இவற்றின் மீது டூகியாமஸ் தமது வகுப்பறையை அமைத்தார். எல்லோரிடமும் கற்பிக்க ஏதோ உண்டு, எல்லோருக்கும் கற்க ஏதோ உண்டு. அயலவர் செய்வதைப் பார்த்தே நாம் அதிகம் பழகுகிறோம். மற்றவர் எந்த நிலையிலிருந்து பேசுகிறார் என்று அறிந்தால்தான் அவருக்கு நன்றாகக் கற்பிக்க முடியும்.

வயலில் வேலை பழகிய எவருக்கும் இது புதிய தத்துவம் அல்ல. நாற்று நடுவதை எந்தப் பிள்ளையும் புத்தகத்தில் படித்துப் பழகவில்லை. பெரியவர்களின் வரிசையில் ஒரு ஓரத்தில் நின்று நட்டுத்தான் பழகியது.

கட்டிய விதம்

இந்தக் கொள்கை இணையத்தளத்தில் எவ்வாறு உருவெடுத்தது? சில உதாரணங்களைக் காண்போம்.

முதலாவது, பாடத்தின் முகப்புப் பக்கம். அதனை வாரம் வாரமாகவோ தலைப்புத் தலைப்பாகவோ அடுக்கலாம். இந்த வாரம் என்ன வாசிக்க வேண்டும், என்ன எழுதிக் கொடுக்க வேண்டும், எதைப் பற்றிக் கலந்துரையாட வேண்டும் என்பவை ஒரே இடத்தில் இருக்கும். மூன்று நாள் வகுப்புக்கு வராத பிள்ளையும் எங்கே விட்டோம் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

இரண்டாவது, கலந்துரையாடும் இடம். மாணவர் ஒருவர் தம் கருத்தை எழுதியதும் அது உடனே எல்லோருக்கும் மின்னஞ்சலாகப் போய்விடாது. அரை மணி நேரம் பொறுக்கும். அதற்குள் எழுதியவர் தாம் எழுதியதை மீண்டும் வாசித்துத் திருத்தலாம். அவசரத்தில் சொன்ன சொல்லை மீட்க ஒரு சந்தர்ப்பம். சிறு விடயம்தான், ஆனால் மனிதரை நினைத்துச் செய்த விடயம். எழுதியவரின் படமும் பக்கத்தில் இருக்கும், ஒரு முகத்தோடு பேசுகிறோம் என்ற உணர்வு வரவேண்டும் என்பதற்காக.

மூன்றாவது, எளிமை. விலையுயர்ந்த இயந்திரம் இல்லாத இடத்திலும், மாதவாடகைக்குக் கிடைக்கும் சாதாரண இணைய இடத்திலும் ஓடக்கூடியதாக அது எழுதப்பட்டது. அதற்குப் பயன்பட்ட பி.எச்.பி. என்ற கணனி மொழியும், தகவல்களைச் சேமிக்கும் மென்பொருளும் இலவசமாகக் கிடைப்பவை.

நான்காவது, பாடத்தை எடுத்துச் செல்லும் வசதி. ஆசிரியர் தமது பாடம் முழுவதையும் ஒரே கோப்பாகக் கட்டி, வேறோர் இடத்தில் அவிழ்த்து மீண்டும் நிறுவலாம். ஊர்விட்டு ஊர் போகும்போது காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழையும் பாடசாலை விடுகைப் பத்திரத்தையும் ஒரு பையில் சுற்றிக்கொண்டு ஓடிய நமக்கு, எடுத்துச் செல்லக்கூடியதாக ஒன்று இருப்பதன் அருமை தெரியும்.

அளந்து பார்த்தல்

கட்டியதோடு அவர் நிற்கவில்லை. தமது மேற்பார்வையாளரான பீற்றர் ரெயிலரோடு சேர்ந்து, தொலைவிலிருந்து கற்ற பட்டப்பின்படிப்பு மாணவரின் வகுப்பொன்றில் அதனைப் பயன்படுத்தி ஆராய்ந்தார். அதற்கு ரெயிலரும் வேறோர் ஆய்வாளரும் ஆக்கிய வினாக்கொத்தொன்று உதவியது. அதில் 24 கூற்றுகள். அவை ஆறு விடயங்களைப் பற்றியவை: படிப்பது என் தொழிலுக்குப் பொருந்துகிறதா, நான் சிந்திக்கிறேனா, மற்றவரோடு பேசுகிறேனா, ஆசிரியர் ஊக்கம் தருகிறாரா, சக மாணவர் துணை நிற்கிறார்களா, நாம் ஒருவரையொருவர் விளங்கிக்கொள்கிறோமா.

இந்த வினாக்கொத்தின் சிறப்பு, ஒவ்வொன்றையும் இரு விதமாகக் கேட்க முடிவதே. நீங்கள் விரும்புவது எவ்வளவு? உண்மையில் கிடைப்பது எவ்வளவு? இரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே ஆசிரியர் திருத்த வேண்டிய இடம். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கணனி வாங்கினோம் என்று மட்டும் அறிக்கை எழுதும் திட்டங்கள் பலவற்றை நாம் கண்டிருக்கிறோம். பயன்பெற வேண்டியவர் விரும்பியது எது, பெற்றது எது என்று கேட்பவர் குறைவு. அபிவிருத்தி வேலை செய்யும் நாம் இந்த ஒரு பழக்கத்தையாவது அந்த மாணவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

விதைநெல் போல

மூடில் முக்கியமானதாக ஆனதற்குப் பெரும் காரணம், அதனை அவர் பூட்டி வைக்கவில்லை. எவரும் இலவசமாக எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. திருத்தியதை வெளியே கொடுப்பவர் அதனைப் பெறுபவருக்கும் அதே உரிமையைக் கொடுக்க வேண்டும்.

நமது பெரியவர்கள் விதைநெல்லைக் கையாண்ட முறையும் இதுவே. ஒரு வீட்டில் விதை கெட்டால் அடுத்த வீட்டிலிருந்து எடுப்பார்கள். அறுவடையில் திருப்பிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு போகத்துக்கும் கடையில் பைக்கற் விதை வாங்க வேண்டிய நிலை வந்தபோது விவசாயி எவ்வளவு சுதந்திரத்தை இழந்தார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

திறந்து விட்டதனால் பலர் கை கொடுத்தனர். ஆசிரியர்கள் குறைகளைச் சொன்னார்கள். கணனி எழுதத் தெரிந்தவர்கள் திருத்தினார்கள். தத்தம் மொழிக்கு மாற்றினார்கள். இன்று நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் அது இருக்கின்றது, தமிழும் அவற்றில் ஒன்று. 2005இல் பிரித்தானியாவின் திறந்த பல்கலைக்கழகம் அதனைத் தெரிந்தெடுத்தது. நம் நாட்டிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகம், கொழும்புப் பல்கலைக்கழகக் கணனிக் கல்லூரி, இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் போன்றவை மூடிலைப் பயன்படுத்தி வந்துள்ளன. நமது பிள்ளை ஒன்று பல்கலைக்கழகம் போய், "பாடத்தை மூடிலில் போட்டிருக்கிறார்கள்" என்று சொன்னால், அது அந்தப் பாலைவனத்துப் பிள்ளை கட்டிய வகுப்பறைதான்.

இலவசம் என்றால் செலவே இல்லை என்று எண்ணவேண்டாம். மென்பொருளுக்குத்தான் விலை இல்லை. அதனை வைத்திருக்கும் இயந்திரம், மின்சாரம், இணைப்பு, பராமரிக்கும் ஆள், பாடம் எழுதும் ஆசிரியரின் நேரம் என்று எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. இலவசமாகக் கிடைத்த நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் மண்ணெண்ணெய் ஊற்றத்தானே வேண்டும்!

மரத்தில் ஏறிய பிள்ளைகள்

2020 மார்ச்சில் கொரோனா நோயினால் இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. 2020இலும் 2021இலும் நீண்ட காலம் அவை மூடியே கிடந்தன. ஆசிரியர்கள் தொலைபேசியில் பாடங்களை அனுப்பினர். அப்போது நாடு முழுவதும் நடந்தது என்ன? மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு தொலைபேசி. தந்தை வேலைக்குக் கொண்டுபோனால் அதுவும் இல்லை. பதுளை மாவட்டத்தின் கிராமமொன்றில் பிள்ளைகளும் ஆசிரியரும் சிக்னல் தேடிக் காட்டுவழியே மலையுச்சிக்கு ஏறிய செய்தி 2021இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. வேறிடங்களில் மரங்களில் ஏறினார்கள்.

ஏறிப் பெற்றது என்ன என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் கொப்பியில் எழுதிய குறிப்பின் படங்கள். பிள்ளை பார்த்து எழுதும், அவ்வளவுதான். கேள்வி கேட்க வழி இல்லை, செய்த வேலையைத் திருத்திப் பெற வழி இல்லை. கருவி புதியது, கற்பித்தல் முறையோ கரும்பலகையைப் பார்த்து எழுதும் பழைய முறை. இதற்காக ஆசிரியர்களைக் குறைகூற முடியாது. அவர்களுக்கு எவரும் பழக்கிக் கொடுக்கவில்லை. தங்கள் சொந்தக் காசில் டேற்றா போட்டு அனுப்பிய ஆசிரியர் பலர். ஆனால் கருவி வந்தால் கல்வி வந்துவிடும் என்ற நினைப்பு எவ்வளவு தவறானது என்பதை அந்த இரு வருடங்களும் காட்டின.

இணைப்பு இல்லாத இடத்துக்கும் இன்று சில வழிகள் உண்டு. கைக்குள் அடங்கும் சிறு கணனி ஒன்றில் மூடிலை நிறுவி, அக்கணனியே ஒரு சிறு வைஃபை வட்டத்தை உண்டாக்கும்படி செய்திருக்கிறார்கள். சுவிற்சர்லாந்தில் ஆசிரியர் ஒருவர் தொடக்கிய வேலை அது. வெளி இணையம் எதுவும் இல்லாமலே, ஒரு கொட்டிலுக்குள் இருக்கும் பிள்ளைகள் தொலைபேசியிலோ பழைய மடிக்கணனியிலோ பாடத்தைத் திறக்கலாம். அதுபோல், தொலைபேசியில் பாடங்களை இணைப்புள்ள இடத்தில் இறக்கி வைத்து, வீட்டில் இணைப்பின்றிப் படிக்கும் வசதியும் மூடிலின் செயலியில் உண்டு. சந்தைக்குப் போகும் நாளில் இறக்கிக்கொண்டு வரலாம்.

நாம் கேட்க வேண்டியவை

ஆகவே நாளை ஒரு நிறுவனம் நமது குடியிருப்புக்கு வந்து, இணைய வகுப்பறை ஒன்று அமைக்கலாம் என்று சொன்னால், கை தட்டி வரவேற்பதற்கு முன்னும், வேண்டாம் என்று திருப்பி அனுப்புவதற்கு முன்னும், பின்வரும் கேள்விகளை நிதானமாகக் கேட்போம்.

1. பிள்ளையின் பக்கத்தில் யார் இருப்பார்? மாலை நேரத்தில் இரண்டு மணித்தியாலம் கூட இருக்க ஓர் இளைஞருக்கோ யுவதிக்கோ பயிற்சியும் ஒரு சிறு கொடுப்பனவும் உண்டா? இதற்குப் பதில் இல்லையென்றால் மற்றக் கேள்விகளுக்கு அவசியமில்லை.

2. பாடங்களை யார் எழுதுவார்? தமிழில், நமது பிள்ளையின் தரத்துக்கு, நமது பாடத்திட்டத்துக்கு ஏற்றதாக இருக்குமா? நமது ஆசிரியர்களுக்கு அதில் பங்கு உண்டா?

3. மின்சாரமோ இணைப்போ இல்லாத நாளில் என்ன நடக்கும்? அச்சிட்ட பாடப் பொதி கைவசம் இருக்குமா? வானொலிப் பாடசாலையே பொதிகளை நம்பித்தான் நடந்தது என்பதை மறவாதீர்கள்.

4. திட்டத்தின் காசு முடிந்தபின் வருடக் கட்டணம் ஏதும் கட்ட வேண்டுமா? மென்பொருள் திறந்ததா, பூட்டியதா? பராமரிக்க நமது பிள்ளைகளில் எவருக்குப் பழக்குவார்கள்?

5. நாம் மீண்டும் சொந்தக் காணிக்குப் போனால், அல்லது மறுபடி வேறிடம் போக நேர்ந்தால், பாடங்களையும் பிள்ளையின் புள்ளிகளையும் கொண்டுபோக முடியுமா? பிள்ளையின் பெயரும் விபரங்களும் யார் கையில் இருக்கும்?

6. பெண்பிள்ளைகளுக்கும், பகலில் கூலி வேலைக்குப் போகும் மூத்த பிள்ளைகளுக்கும் நேரம் ஒதுக்குவார்களா? தொலைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு என்ன வழி?

7. ஆறு மாதத்தின் பின் பிள்ளைகளிடமே, "நீங்கள் விரும்பியது எது, கிடைத்தது எது?" என்று கேட்டு, அதன்படி மாற்றுவார்களா?

இக்கேள்விகளைக் கேட்பதற்குக் கணனி அறிவு தேவையில்லை. கடன் பத்திரத்தில் ஒப்பமிடுமுன் வட்டியையும் தவணையையும் விசாரிப்பதுபோலத்தான். கிராம அபிவிருத்திச் சங்கத்திலோ மாதர் சங்கத்திலோ இதனை ஒருமுறை வாசித்துக் கலந்து பேசினால், ஊருக்கு வேறு கேள்விகளும் தோன்றும். அவற்றையும் சேர்த்து எழுதி வையுங்கள்.

இறுதியாக ஒன்று. ஊரை விட்டுத் தொலைவில் வளரும் பிள்ளையால் எதுவும் ஆகாது என்று நமக்குள்ளேயே சிலர் சொல்வதுண்டு. பாலைவனத்தில் வானொலிக்கு முன்னால் இருந்து படித்த பிள்ளை, தொலைவு என்றால் என்ன என்று அறிந்திருந்தது. தொலைவில் இருப்பவருக்கு ஒரு வகுப்பறை எப்படி இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்தது. நமது பிள்ளைகள் இடம்பெயர்வை அறிந்தவர்கள். இடையில் முறிந்துபோன படிப்பை எவ்வாறு மீண்டும் பொருத்துவது என்பதை அவர்களைவிட நன்கு சொல்லக்கூடியவர் எவர்? அவர்களுக்கு வகுப்பறை கட்டும்போது முதலில் அவர்களிடமே கேட்போம்.